மூணு பேருக்குக் குணமாச்சு

மலேசியாவில் எங்கள் ஸ்கூடாய் ஊர் மருத்துவர்களுக்கு எதிரிகள் மூன்று: சர்க்கரை, உப்பு, 'மூணு பேரு' என்று பட்டப்பெயர் எடுத்த எங்கள் தெருப் பெரியவர். முதல் இரண்டையாவது குறைத்துக்கொள்ளலாம்.

அடையாள அட்டையில் அவருக்கு வேறு பெயர் இருந்திருக்கும், யாரும் கேட்டதில்லை. எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். வைத்தியத்தில் அவருக்கு ஒரே சட்டம்தான். மூன்று பேருக்குக் குணமாகியிருந்தால் அது உண்மை. இரண்டு பேர் என்றால் வதந்தி. நான்காவது ஆளைத் தேடுவது ஆண்டவனையே சந்தேகிப்பது மாதிரி.

மூன்று பேரைச் சேகரிக்கும் இடம் அரசாங்க கிளினிக். எங்கள் இருவருக்கும் மாதம் ஒருமுறை செவ்வாய்க்கிழமை முறை. நான் ரத்த அழுத்தக் குறிப்பேட்டுடன் போவேன்: காலை அளவு நீல மையில், மாலை அளவு கறுப்பு மையில். அவர் வெறுங்கையோடு வந்து, நம்பர் கூப்பிடும்வரை நாற்காலி நாற்காலியாக மாறி உட்கார்ந்து விசாரணை நடத்துவார். உள்ளே மருத்துவர் எழுதித் தந்த மாத்திரையை வெளியே இவர் மறுபரிசீலனை செய்வார்.

ஒருமுறை சிறுநீரகக் கல்லுக்குப் பூனைமீசைச் செடித் தேநீர்தான் மருந்து என்று தீர்ப்பளித்தார். வழக்கம்போல் மூன்று பேர். நான் மூவரின் பெயரையும் எழுதிக்கொண்டு நேரில் போய் விசாரித்தேன். முதல் ஆள் கூடவே ஆஸ்பத்திரி மருந்தும் சாப்பிட்டிருந்தார். இரண்டாவது அம்மாள் வாசனைக்காகக் குடித்தவர். மூன்றாமவருக்குக் கல்லே இருந்ததில்லை. குறிப்பேட்டை நீட்டிப் படித்துக் காட்டினேன்.

"அதான் தம்பி, கல்லே இல்லல்ல? மருந்து வேல செஞ்சிருக்கு."

"குணமாகாதவங்கள ஏன்ணே எண்ணுறதில்ல?"

"அவங்க யாரும் வந்து சொல்லல லா."

இந்த லட்சணத்தில், அவருடைய இடது கால் பெருவிரலே கறுத்துப் போனது. பல வருடச் சர்க்கரை. பாகற்காய்ச் சாற்றை நம்பி மாத்திரையைப் பாதியாக உடைத்து விழுங்கிவந்தவர். பாகற்காய்க்கும் மூன்று பேர் இருந்தார்கள். அதில் ஒருவர் இவரேதான்.

ஆஸ்பத்திரிக்கு நான்தான் காரில் கூட்டிப் போனேன். இளம் மருத்துவர், தமிழ்ப் பெண். விரலை, பாதத்தை, கணுக்காலை அழுத்தி அழுத்திப் பார்த்தார். விரலை எடுத்துவிட வேண்டும் என்றார். மருந்து போட்டுப் பார்க்கக் கூடாதா, எத்தனை பேருக்கு மருந்திலேயே சரியாகியிருக்கிறது என்று இவர் குறுக்கு விசாரணையை ஆரம்பித்தார்.

"சில பேருக்கு ஆகும் அங்கிள். புக்குலயும் அப்படித்தான் இருக்கு. ஆனா நான் உங்க காலப் பாத்துட்டேன். இந்த விரலுக்கு ரத்தமே போகல. காத்திருந்தா பாதத்தோட எடுக்க வேண்டி வரும். வெள்ளிக்கிழமை வந்து படுத்துடுங்க."

வெள்ளிக்கிழமைக்கு மூன்று நாள் இருந்தது. விரலை வெட்டாமல் பச்சிலை அரைத்துக் கட்டியே குணமான மூன்று பேரை அதற்குள் கண்டுபிடித்துவிடுவதாக அறிவித்தார். புதன்கிழமை மாலைக்குள் இரண்டு பேர் சேர்ந்துவிட்டார்கள். மூன்றாமவர் லாயாங் லாயாங் என்ற ஊரில், ரயிலடிப் பக்கம் இருப்பதாகத் தகவல். வியாழக்கிழமை காலை 9.40க்குப் புறப்பட்டோம். வழியெல்லாம் அந்த மருத்துவரின் வயதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். முட்டாள்தனத்துக்கு ஓட்டுநராக இருக்கிறோமே என்று எனக்கு எரிந்தது.

அந்த மனிதர் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை.

இவர் அந்த வெற்றிடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மெதுவாக, "பச்சிலையில குணமாச்சுன்னு சொன்னாங்களே" என்றார்.

"ஆச்சே. ரெண்டு வாரம் நல்லா இருந்துச்சு. எல்லார்கிட்டயும் அப்பத்தான் சொன்னேன்."

"அப்புறம்?"

"அப்புறம் யாரும் கேக்கல."

திரும்பும்போது செடெனாக் ஊரைத் தாண்டியதும் குனிந்து தன் இடது காலைப் பார்த்தார். பிறகு கேட்டார்: "தம்பி, அந்தப் புள்ள என் கால ரொம்ப நேரம் தொட்டுப் பாத்துச்சில்ல?"

"ஆமாண்ணே."

"நான் கேட்ட ஆளுங்க ஒருத்தரும் என் காலப் பாக்கல. நாளைக்கு கொண்டு போய் விட்டுரு."

விரல் போனது, பாதம் தப்பியது. புத்தி வந்ததா என்றால், இல்லை. அடுத்த மாதமே கிளினிக்கில் செருப்பைக் கழற்றி, வெட்டப் பயந்தவர்களுக்கெல்லாம் ஒன்பது விரல்களையும் காட்சிக்கு வைத்தார். வெட்டிக் குணமானதற்குச் சாட்சி, வார்டில் பிடித்த இரண்டு பேர், தன்னோடு மூன்று. சட்டம் அதேதான்.

சென்ற மாதம் என் குறிப்பேட்டு வரிகள் கோணலாகத் தொடங்கின. நீலமும் கறுப்பும் ஒன்றாகத் தெரிந்தன. கண்ணில் புரை, அறுவை செய்ய வேண்டும் என்றார்கள். அது பலகாலம் சோதித்து நிரூபிக்கப்பட்ட சிகிச்சை என்பது எனக்கு நன்றாகத் தெரியும். இருந்தும் அன்று மாலை 6.15க்கு நான் நின்றது அவர் வீட்டு வாசலில்.

"அண்ணே, கண்ணு ஆப்பரேஷன் செஞ்சு நல்லா ஆனவங்க யாராச்சும் இருக்காங்களா?"

அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. கார் சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

"நான் ஓட்டுறேன். போனது இடது கால் வெரலுதானே, கிளட்ச் இல்லாத ஆட்டோ கியர் காருக்கு அது எதுக்கு? குலாயில ரெண்டு பேரு இருக்காங்க. நீயே கேட்டுக்க."

"மூணாவது?"

"நீதான்."

குணமாகும் முன்பே அவர் ஒருவரைக் கணக்கில் சேர்த்தது அன்று மட்டும்தான். அந்தக் கணக்கை நான் திருத்தவில்லை.