கல்யாணத்தன்று தலாக் வாசித்த மாப்பிள்ளை

அன்புள்ள எண்டாங் அக்காவுக்கு,

சோலோவிலிருந்து உன் தங்கை ரெத்னோ ஸலாமுடன் எழுதுவது. நான் நலம். சுரபயாவில் நீயும், உன் முழங்காலும், கோபத்தில் என் கல்யாணத்துக்கு வராமல் பெட்டியிலேயே வைத்துவிட்ட உன் புதுக் கெபாயாச் சட்டையும் நலம் என்று நம்புகிறேன்.

"துருக்கிக்காரனோட எந்த பாஷையிலடி குடும்பம் நடத்துவே?" என்று கேட்டாய். அரைகுறை ஆங்கிலத்தில்தான். ஆனால் அவர் மொழியிலும் நம் மொழியிலும் சட்டச் சொற்கள் பல அரபியிலிருந்து வந்தவை. உப்பு கேட்க எங்களுக்குப் பொதுவாக ஒரு சொல் இல்லை; வழக்குப் போட ஏராளம். நேற்று அதுதான் வினையாயிற்று. நிக்காஹ் முடிந்து எல்லோரும் ஆமீன் சொல்லியாகிவிட்டது. பதிவாளர் முஸ்லிஹ் வழக்கம்போலக் கல்யாணப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, மனைவியை இரண்டு வருடம் விட்டுப் போனால், மூன்று மாதம் செலவுக்குக் கொடுக்காவிட்டால், அடித்தால், ஆறு மாதம் கவனிக்காவிட்டால் அவள் கோர்ட்டுக்குப் போய் விடுதலை வாங்கலாம் என்ற உறுதிமொழியை மாப்பிள்ளை துர்குத்திடம் வாசிக்க நீட்டினார். அவர் ஊரில் இந்த வழக்கம் இல்லை. முன்கூட்டிச் சொல்ல எனக்கும் தோன்றவில்லை. பக்கம் முழுவதிலும் அவருக்குப் புரிந்தவை செலவுப் பணம் என்ற நஃப்கா, கடமை என்ற வாஜிப், அப்புறம் தலாக் மட்டுமே. முகம் வெளுத்துவிட்டது.

"ரெத்னோ, கல்யாணமாகிப் பத்து நிமிஷம்கூட ஆகல. அதுக்குள்ள தலாக்கா? நான் என்ன தப்பு பண்ணினேன்?"

"பயப்படாதீங்க மாப்பிள்ளை," என்றார் முஸ்லிஹ். "நானும் என் கல்யாணத்துல இதைப் படிச்சவன்தான். முப்பது வருஷமாச்சு, என் சம்சாரம் இன்னும் விடல."

"நல்ல நாள்ல இதை வாயால சொல்ல மாட்டேன்" என்று துர்குத் புத்தகத்தை மூடிவிட்டார். உனக்குத் தெரியும், என் முதல் கணவர் மலேசியாவுக்குப் போய் நான்கு வருடம் ஒரு சேதியும் இல்லை. கல்யாணத்தன்று அவர் இதை வாசித்திருந்ததால்தான் கோர்ட்டு என்னை விடுவித்தது. அதை துர்குத்தின் காதோடு சொல்லி, "நீங்க படிச்சாத்தான் நான் நிம்மதியாத் தூங்குவேன்" என்றேன். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, ஒவ்வொரு வரிக்கும் என்னிடம் அர்த்தம் கேட்டுத் தப்பும் தவறுமாக வாசித்தார். நடுவில் நிமிர்ந்து, "ரெண்டு வருஷமா? ரெண்டு நாள்னு மாத்துங்க" என்றார்.

"அச்சடிச்சதுங்க, மாத்த முடியாது!" என்றார் முஸ்லிஹ்.

பந்தலே சிரித்தது. இத்தனை வருடம் என்னோடு ஒரு பயம் குடியிருந்ததை, அது போன பிறகுதான் அறிந்தேன் அக்கா. இனி கோபம் வேண்டாம்.

உனக்கும் அத்தானுக்கும் நீண்ட ஆயுளும், உன் முழங்காலுக்கு மாடிப்படி இல்லாத வாழ்வும் இறைவன் அருளட்டும்.

உன் தங்கை,
ரெத்னோ

பி.கு.: இதைத் தபாலில் போட ஒரு வாரம் தாமதமாகிவிட்டது. அதற்குள் துர்குத் உறுதிமொழியை மனப்பாடம் செய்துவிட்டார். கவனிக்காமல் விட்டதாகிவிடக் கூடாதாம், நான் பாடம் நடத்தும் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்காருகிறார், குளியலறை வாசலில் நின்று "இருக்கியா?" என்கிறார். வெள்ளிக்கிழமை ரயிலில் உன் வீட்டுக்கு வருகிறேன், ஒரு வாரம், நான் மட்டும். மனைவி விட்டுப் போவதைப் பற்றி உறுதிமொழியில் ஒரு வரியும் இல்லை, நன்றாகப் பார்த்துவிட்டேன்.