ஹமீட் சேர் வரிசையில் நின்ற நாள்

இந்தக் கதையில் ஒரு சிரிப்பு இருக்கிறது. அது கடைசிக் கவுண்டரில்தான் வழங்கப்படும். அதுவரை வாசகர்கள் அமைதியாக வரிசையில் நிற்குமாறு தயவுடன் கேட்டுக்கொள்ளப்படுகிறீர்கள். முண்டியடிக்க வேணாம்.

எங்கட ஊர் அரசாங்க அலுவலகத்தில், அதாவது கந்தோரில், மக்கள் வெயிலில் நிற்பதை மேலிடம் மிகுந்த வேதனையோடு அவதானித்தது. ஆகவே மெய்நிகர்க் கந்தோர் ஒன்று திறக்கப்பட்டது. கண்ணில் ஒரு பெட்டியை மாட்டினால் உள்ளே இன்னொரு கந்தோர் தெரியும். அங்கேயும் வரிசைதான், ஆனால் வெயில் இல்லை. பெட்டி ஒன்றே ஒன்றுதான் வந்ததால், அதை மாட்டுவதற்கு வெயிலில் வரிசையில் நிற்க வேண்டும்.

என்ட மூத்த சகோதரி அப்ரா ராத்தாவுக்கு வியாழக்கிழமை தாதிப் பயிற்சிக்கான நேர்முகப் பரீட்சை. வதிவிடச் சான்றிதழ் இல்லாமல் வாசலைத் தாண்ட ஏலாது. சான்றிதழ் அடித்துப் பத்தொன்பது நாள். நிர்வாக அதிகாரி ஹமீட் சேரின் ஒப்பம் மட்டும்தான் பாக்கி. சேரின் குடை எப்போதும் கதிரையில் தொங்கும். குடை இருந்தால் சேர் கடமையில் இருக்கிறார். சேர் எங்கே இருக்கிறார் என்பது வேறு விசயம்.

புதன்கிழமை பெட்டிக்குப் பரீட்சார்த்தம். "சாதாரணக் குடிமகனா நிண்டு பாப்பம்" என்று சேரே பெட்டியை மாட்டி, மண்டபத்து நடுவில் நின்றார். மாதிரிக்கு, நாளைக்கு நேர்முகப் பரீட்சை என்று பக்கத்தில் கெஞ்சிக்கொண்டு நின்ற ராத்தாவின் சான்றிதழைக் கையில் எடுத்துக்கொண்டார். உள்ளே இருக்கும் கிளாக்குகளுக்குக் குரல் வேண்டும். மெய்நிகர் கடமை எங்கள் கடமைப் பட்டியலில் இல்லை என்று நிஜக் கிளாக்குகள் எழுத்திலேயே தந்துவிட்டார்கள். அதனால், ஊரில் யாருடைய குரலிலும் கதைப்பவன் என்று பேரெடுத்த என்னை அலுமாரிக்குப் பின்னால் மைக்கோடு இருத்தினார்கள். சேருக்குச் சொல்லத்தான் மறந்துபோனார்கள். பெட்டி காதையும் மூடும். என் குரல் தவிர அவருக்கு எதுவும் கேட்காது.

முதலாம் கவுண்டர், கிளாக் கஜேந்தினி மிஸ்ஸின் குரலில் நான்: "ஐடென்டிக் காட் கொப்பி எங்க?"

"பிள்ள, நான் ஹமீட்."

"அப்பிடித்தான் எல்லாரும் சொல்லுவாங்க. நீங்க ஹமீட்தான் எண்டு கிராம சேவகர்ட கடிதம் கொண்டு வாங்க. இல்லாட்டி ரெண்டாம் கவுண்டருக்குப் போங்க."

இரண்டாம் கவுண்டர், கிளாக் றிபாத் நானாவின் கொட்டாவிக் குரலில் நான்: "எல்லாம் சரி. சேர்ட ஒப்பம்தான் இல்ல. சேர் சீட்டுல இல்ல."

"நான்தான்டா அந்தச் சேர்."

"அப்ப ஏன் இங்க வரிசையில நிக்கிறீங்க? சீட்டுல இரிக்க வேணாமா?"

சேர் உள்ளே தன் கதிரையைத் திரும்பிப் பார்த்தார். மெய்நிகர்க் குடை மிக நேர்த்தியாகத் தொங்கியது.

"குடை இரிக்கி. ஆள் எங்க?" என்று கேட்டார்.

"கடமையில."

இருபது நிமிசம் நிற்க வைத்தேன். அவர் கால் மாற்றி நின்றார், வியர்வையைத் துடைத்தார், கடைசியில் பல்லைக் கடித்தார். "இந்த மனிசன் எப்பதான் வருவான்? மேல எழுதிப் போடணும் இவனப் பத்தி."

"முறைப்பாட்டுப் படிவத்துக்கும் சேர்ட ஒப்பம் வேணுமே" என்றேன், றிபாத் நானாவாக.

பிறகு தொண்டையைக் கனைத்து, ஹமீட் சேராக மாறினேன். "யாரது? வெள்ளிக்கிழம ஜும்மாவுக்குப் பிறகு வாங்க."

"சேர், அதுக்குள்ள நேர்முகப் பரீட்சை முடிஞ்சிரும் சேர்." நிஜ ஹமீட் சேரின் குரல் உடைந்தது. "பாவம் சேர், அந்தப் பிள்ள. பத்தொன்பது நாள் சேர்."

வெயிலில் நின்ற வரிசை மெல்ல மண்டபத்துக்குள் நெருங்கி வந்தது.

"சரி சரி, அழ வேணாம். சான்றிதழ எடுத்த எண்டு அடியில ஒரு ஒப்பம் வெச்சிட்டுக் கொண்டு போங்க."

ராத்தா அவர் கையில் பேனையைத் திணித்தாள், மேசையைக் கிட்டே இழுத்தாள். சேர் கண்ணை மூடிய பெட்டியோடு, பழகிய கையால் ஒப்பமிட்டார். ராத்தா சான்றிதழை உருவினாள்.

"மிச்சம் நன்றி சேர். அல்லாஹ் உங்களுக்கு…" என்று தொடங்கியவர் நின்றார். நெற்றி சுருங்கியது.

பின்னால் நின்றவர்கள் அதற்குள் ராத்தாவைத் தள்ளிவிட்டு, தங்கள் படிவங்களை ஒவ்வொன்றாக அந்தப் பேனைக்கு அடியில் செருகத் தொடங்கியிருந்தார்கள்.

"பொறு," என்றார் சேர், பெட்டியின் வாரில் கைவைத்து. "ஹமீட் கேட்ட அண்டைக்கே ஒப்பம் வெக்கிற ஆள் இல்லியே."