நாலு தடவை சேவித்த மாப்பிள்ளை

ஸ்ரீரங்கத்தில் என் மாமனார் வீட்டு வீதி முழுக்க எனக்குப் பக்திமான் என்று பெயர். அதை வாங்கிக் கொடுத்தது பெருமாள் இல்லை, அரிப்பு.

எனக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த சமயம், நாலு மாதமாக உடம்பெல்லாம் அரிப்பு. சிரங்கு கிடையாது, தடிப்பு கிடையாது. ஆனாலும் இரண்டு கையாலும் சொறிந்துகொண்டிருப்பேன் (பல் தேய்க்கும்போது மட்டும் ஒரு கை). அரியமங்கலத்தில் நான் வேலை பார்த்த பட்டறையின் தூசிதான் காரணம் என்று அம்மா தீர்ப்புச் சொல்லிவிட்டாள். வேப்பிலை, மஞ்சள், பவுடர் எதுவும் எடுபடவில்லை. 'பையன் சொறிந்துகொண்டே இருக்கிறான்' என்று இரண்டு வரன்கள் தட்டிப் போயிருந்தன.

மூன்றாவது வரன் வைதேகி. போட்டோவைப் பார்த்ததுமே எனக்குப் பிடித்துப் போயிற்று. பெண் பார்க்கப் போகும்போது ஆட்டோவிலேயே அம்மா எச்சரித்தாள்: "இங்கயும் சொறிஞ்சேன்னா உனக்குக் கல்யாணமே கிடையாது, பாத்துக்கோ!"

அரை மணி நேரம் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். "மாமாவை சேவிச்சுக்கோடா" என்றாள் அம்மா. வழக்கப்படி சட்டையைக் கழற்றிவிட்டுக் கோரைப்பாயில் விழுந்தேன். ஆஹா! பாயின் சொரசொரப்பு மார்பிலும் வயிற்றிலும் பட்டதும் வைகுண்டமே தெரிந்தது. எங்கள் இரண்டு குடும்பத்திலும் ஒருமுறை சேவித்தால் போதும். நான் மறுபடி விழுந்தேன். அப்புறம் இன்னொரு தடவை. நாலாவது தடவை விழுந்தவன் எழுந்திருக்காமல் முன்னும் பின்னும் நகர்ந்துகொண்டிருந்தேன்.

"இந்தக் காலத்துல இப்படி ஒரு பணிவா!" என்று வைதேகியின் அப்பா கண் கலங்கினார்.

வைதேகி கலங்கவில்லை. அவள் புத்தூரில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்ப்பவள். என் கையில் டம்ளரும் டபராவும் மோதி ஜலதரங்கம் வாசித்ததைக் கவனித்துவிட்டு, தனியாகப் பேச வேண்டும் என்று மாடிக்கு அழைத்தாள்.

"நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கறதா?"

"ஆமா."

"தூக்கமில்லாம இளைச்சுண்டே போறேளா?"

"ஆமாமா" என்றேன் வெட்கத்தோடு. "உங்க போட்டோவைப் பாத்ததுலேர்ந்து..."

"போட்டோ பாத்தா உடம்பு அரிக்காது. நீங்க பாயில தேச்சுண்டதைப் பாத்துண்டுதான் இருந்தேன். தைராய்டு டெஸ்ட் எடுங்கோ. ரிப்போர்ட் வரட்டும், பதில் சொல்றேன்."

தைராய்டு எக்கச்சக்கமாகச் சுரக்கிறதாம்! டாக்டர் கொடுத்த மாத்திரையில் சில வாரங்களில் நடுக்கம் நின்றது, அரிப்பும் அடங்கியது. எல்லாம் சரி என்று சொன்ன அடுத்த ரிப்போர்ட்டின் நாலு மூலையிலும் மஞ்சள் தடவி எடுத்துக்கொண்டு அவளிடம் ஓடினேன். வரி வரியாகப் படித்துவிட்டு, "சரி" என்றாள். ஜென்மம் சாபல்யமடைந்தது. ரத்தப் பொருத்தம் பார்த்து நடந்த கல்யாணம் எங்களுடையதுதான்.

இன்றைக்கும் நான் அந்த வீட்டுக்குள் நுழைந்தால், மாமியார் சிரித்துக்கொண்டே பாயைச் சுருட்ட ஆரம்பித்துவிடுவார். மாமனாருக்கு மட்டும் யாரும் உண்மையைச் சொல்லவில்லை.

"ஏண்டி சுருட்டறே? விரிச்சு வை" என்பார் அவர். "பாவம், ஆசையா சேவிக்கற பிள்ளை!"