107 யாருக்கும் கிடையாது

பிள்ளைக்குப் பெயர் வைக்க நாள் பார்க்கிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். கம்ப்யூட்டருக்கு நம்பர் வைக்க நாள் கணக்கில் யோசித்த ஒரே மனிதர் எங்கள் பேக்கப் பாய்தான்.

தஞ்சாவூர் பைபாஸ் ஓரத்து நர்சிங் காலேஜ். சர்வர் ரூமில் அவரும் நானும். பதினாறு வருஷம் துபாயில் குப்பை கொட்டிவிட்டு வந்தவர். எதற்கும் ஒரு நகல், அதாவது பேக்கப், வைத்திருப்பார். குடையிலும் இரண்டு. 'குடை-2, நகல், போன மழைக்கு வாங்கியது' என்று சீட்டு வேறு. மழை வந்தால் இரண்டையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நனைந்தபடியே பஸ் ஸ்டாப்புக்குப் போவார். கேட்டால், "நனைஞ்சா பாழாப் போயிடும் தம்பி" என்பார்.

சர்வர் என்பது ஒரே பெரிய கம்ப்யூட்டர். அதன் வயிற்றுக்குள் இருபது கம்ப்யூட்டர்கள் குடித்தனம் நடத்தும். ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர். தினமும் எடுக்கும் நகலுக்கும் அந்த நம்பர்தான் பெயர். ஒரு நம்பருக்குக் கடைசி மூன்று நகல்களை வைத்துக்கொண்டு, பழையதை அதுவே அழித்துவிடும். ஒன்றை மூடிவிட்டால் அதன் நம்பரை பாய் இன்னொன்றுக்குத் தரவே மாட்டார்.

"காலியாத்தானே கெடக்கு பாய்?"

"போனவன் நம்பரை வந்தவனுக்குக் குடுத்தா ரெண்டு பேரு சாமானும் கலந்துடும் தம்பி. நம்பரா தீந்து போவுது?"

மகள் கல்யாணத்துக்கு பாய் சொந்த ஊரான அதிராம்பட்டினம் போனார். எனக்குக் கை சும்மா இருக்குமா? பழைய மாணவிகளின் பயிற்சிப் பதிவுகள் இருந்த 107-ஐ, நகல்தான் இருக்கிறதே என்று அழித்தேன். நூலகத்துக்குப் புதிதாக ஒன்றை உண்டாக்கி, அதே 107-ஐக் கொடுத்தேன். மூன்றே நாள். நூலகத்தின் நகல்கள் மூன்று வந்து உட்கார்ந்தன. மாணவிகளின் முந்தைய நகல்களை நூலகத்தின் பழசு என்று நினைத்து சர்வர் துடைத்துப் போட்டுவிட்டது.

நான்காம் நாள் எங்கள் பழைய மாணவி செல்வராணி பேராவூரணியிலிருந்து வந்தாள். புயலில் தென்னந்தோப்பு மொத்தமும் சாய்ந்த வீட்டுப் பெண்.

"ஓமன்ல ஆஸ்பத்திரி வேலை கெடச்சிருக்கு சார். எத்தனை மணி நேரம் ட்ரெய்னிங் எடுத்தேன்னு காலேஜ் ரெக்கார்டு கேக்குறாங்க. நாளைக்குள்ள அனுப்பலேன்னா வேற ஆளைப் போட்டுடுவாங்க."

தேடினேன். இல்லை. பாய்க்கு போன் போட்டு அழாத குறையாகச் சொன்னேன்.

கல்யாணச் சட்டையோடு, பிரியாணி மணக்க மணக்க பஸ் ஏறி வந்தார். திட்டட்டும் என்று நின்றேன். அவர் பையிலிருந்து ஒரு டிஸ்கை எடுத்தார். அதிலும் சீட்டு: '107, பிள்ளைகள் பயிற்சி, நகலுக்கு நகல், வீட்டில் வைக்க.' சாயங்காலத்துக்குள் செல்வராணிக்குக் காகிதம் போய்விட்டது.

தாளாளருக்கும் விஷயம் போய்விட்டது. "காலேஜ் ரெக்கார்டை வீட்டுக்கு எடுத்துட்டுப் போக யாருய்யா சொன்னது?"

"தப்புதாங்க" என்றார் பாய். என் பக்கம் திரும்பக்கூட இல்லை. அன்றே அவர் வேலை போயிற்று. 107-ஐ அழித்தது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. பக்கத்திலேயே நின்ற நானும் வாயைத் திறக்கவில்லை. பாவி நான். ஐம்பத்தாறு வயதில் அந்த மனுஷன் மறுபடி துபாய்க்கு விமானம் ஏறினார்.

நூலகத்தை வேறு நம்பருக்கு மாற்றினேன். 107 காலியாகவே கிடக்கிறது. மன்னிப்புக் கேட்கத் தைரியம் வர இரண்டு வருஷம் ஆயிற்று. போன வாரம் அவருடைய பழைய செல்போன் நம்பருக்கு அடித்தேன். யாரோ ஒரு பெண் எடுத்தாள். ரீசார்ஜ் செய்யாமல் கிடந்த நம்பரை கம்பெனிக்காரன் அவளுக்குக் கொடுத்துவிட்டிருக்கிறான்.

"பாய் இருக்காருங்களா?"

"ராங் நம்பருங்க."

"நம்பர் சரிதாங்க. அது எங்க பாயோடது. பத்திரமா வச்சுக்குங்க."