மாமியாரின் கையும் நாற்பது நிமிட சாஃப்ட்வேரும்

எனக்குத் தாளம் தெரியாது. மயிலாப்பூர்ப் பக்கம் பெண் எடுப்பவர்கள் சம்பளம், ரத்த வகை இவற்றோடு இதையும் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. நான் சொல்லவில்லை.

நாங்கள் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தி. நகரில் துணிக்கடை வைத்தவர்கள். எங்கள் குடும்பத்தில் சங்கீதம் என்பது ஆடித் தள்ளுபடிக்கு ஸ்பீக்கரில் போடுவது. வித்யாவைக் காதலித்துக் கட்டிக்கொண்டேன். அவள் அம்மா மந்தைவெளியில் பாட்டு சொல்லிக்கொடுக்கிறவர். கல்யாணமாகி ஆறு வருடமான பிறகும் என்னை யாருக்காவது அறிமுகப்படுத்தினால் 'வித்யா ஆத்துக்காரர்' என்பார். அதில் குறையொன்றும் இல்லை. ஆனால் கீழ்வீட்டுக்காரரையும் அதே குரலில்தான் அறிமுகப்படுத்துவார். 'எங்காத்து மாப்பிள்ளை' என்ற பட்டம் பெங்களூரில் இருக்கும் என் சகலைக்கு மட்டும். (அவர் கஞ்சிரா வாசிப்பார். நான் என்ன செய்ய?)

அந்தப் பட்டத்தை எப்படியாவது வாங்கிவிட வேண்டும் என்ற ஆசை எனக்கு இருந்தது. வெளியே சொல்லிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

வாய்ப்பு ஒரு வீடியோ கேசட் வடிவில் வந்தது. முப்பத்து மூன்று வருடத்துக்கு முன் மாமியார் டிவியில் அரைமணி நேரம் பாடியிருக்கிறார். மிருதங்கம் அவருடைய தம்பி ரகு மாமா. பாட்டை முடித்துவைக்கும் கடைசித் தாளக் கணக்கில், அதாவது கோர்வையில், ஏதோ நடந்தது. அக்கா தாளத்தில் ஒரு தட்டை விழுங்கிவிட்டாள் என்றார் தம்பி. தம்பிதான் வழி தவறினான், என் கை அசங்கவே இல்லை என்றார் அக்கா. அன்று ஆரம்பித்த வழக்கு எல்லாக் கல்யாணத்திலும், எல்லாச் சாவிலும் வாய்தா வாங்கிக்கொண்டிருந்தது. யாரோ உறவினர் அந்த நிகழ்ச்சியை டிவியிலிருந்து பதிவு செய்து வைத்திருந்தது இப்போதுதான் பரணிலிருந்து கிடைத்தது. ரகு மாமாவின் அறுபதாம் கல்யாணத்தன்று, மண்டபத்தில் எல்லார் முன்னாலும் அதைப் போட்டுக் காட்டுவது என்று மாமியார் முடிவு செய்தார். தம்பிக்கு அக்காவின் பரிசு.

கேசட்டைக் கடையில் கொடுத்துக் கம்ப்யூட்டர் கோப்பாக மாற்றி வாங்கியாயிற்று. பார்த்தால், மாமியார் தாளம் போடும்போதெல்லாம் கையில் சீப்புப் பல் முளைத்தது; சரியான பிறகு மண்டபத்திலேயே பார்த்துக்கொள்கிறேன் என்று அவர் ஆரம்பத்திலேயே நிறுத்தச் சொல்லிவிட்டார். காரணம் எளிது. பழைய டிவி ஒரு படத்தை இரண்டு தவணையாக அனுப்பும்: ஒற்றைப்படைக் கோடுகள் முதலில், இரட்டைப்படைக் கோடுகள் பிறகு. கம்ப்யூட்டர் இரண்டையும் ஒன்றாகக் காட்டிவிடும். அதற்குள் கை நகர்ந்துவிட்டிருக்குமே, அதனால்தான் பல். கோடுகளைப் பிரித்து முழுப் படமாக்க சாஃப்ட்வேர் இருக்கிறது. எங்கள் கடையில் பில் போடும் பிரிண்டரை ஒருமுறை அணைத்துப் போட்டுச் சரி செய்தவன் என்ற முறையில், வேலை எனக்கு வந்தது.

இரண்டு வாரம் அவகாசம் இருந்தது. முந்தின நாள் காலையில் உட்கார்ந்தேன். எல்லாரும் நல்லது என்று சொன்ன சாஃப்ட்வேரில் கோப்பைப் போட்டால், முடிய இன்னும் பத்தொன்பது மணி நேரம் என்றது. அரைமணி நேரப் பாட்டுக்குப் பத்தொன்பது மணி நேரம். எனக்குக் கோபமே வந்துவிட்டது. இணையத்தில் தேடி, அதே வேலையைக் கிராஃபிக்ஸ் கார்டைக் கொண்டு படுவேகமாக முடிக்கும் இன்னொன்றைப் பிடித்தேன். அதை நிறுவ ஒன்று, அந்த ஒன்றை நிறுவ மற்றொன்று என்று மதியம் வரை போனது. பிறகு ஓட்டினால் நாற்பதே நிமிடம். முதல் ஒரு நிமிடத்தைப் பார்த்தேன். பல் இல்லை, நடுக்கம் இல்லை, மோதிரத்தின் கல் கூடத் தெரிந்தது. ஒரு நிமிடம் சரியாக இருந்தால் முப்பது நிமிடமும் சரியாக இருக்கும் என்பது துணிக்கடைக்காரன் புத்தி. நாங்கள் முந்தானையைப் பார்த்துப் புடவையை எடைபோடுகிறவர்கள்.

ராஜா அண்ணாமலைபுரத்தில் மண்டபம். தாலி கட்டி முடிந்து, சாப்பாட்டுக்கு முன் திரையை இறக்கினார்கள். இருநூறு பேர்; அதில் பாதிப் பேர் பாடுகிறவர்கள், மீதிப் பேர் பாடுகிறவர்களைக் குறை சொல்கிறவர்கள். மாமியார் முன்வரிசை. திரையில், அந்தக் காலத்து மைக் அவர் வாயை முழுதாக மறைத்தது. கேமராக்காரர் தாளம் போடும் கையிலேயே குடியிருந்தார். ரகு மாமாவுக்கு ஓரத்தில் முழங்கால் மட்டும் கிடைத்திருந்தது. இருநூறு மடியிலும் தாளம் கிளம்பியது. நான் பின்னால் லேப்டாப்போடு, கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

பத்து நிமிடம் போயிருக்கும். மண்டபத்தில் ஒரு சங்கடம் தெரிந்தது. கொஞ்சம் பேர் திரையில் தெரிந்த கையோடு தட்டினார்கள், கொஞ்சம் பேர் காதில் விழுந்த பாட்டோடு தட்டினார்கள். இரண்டும் ஒத்துப்போகவில்லை. முந்தின நாள் நான் சிரமப்பட்டுச் சேர்த்த ஒற்றைப்படையும் இரட்டைப்படையும் இப்போது வரிசை வரிசையாக உட்கார்ந்து பிரிந்துகொண்டிருந்தன. கடைசிக் கோர்வை வந்தபோது பாட்டு முடிந்துவிட்டது, கை மட்டும் தனியாகப் போய்க்கொண்டிருந்தது.

கழுத்தில் மாலையோடு ரகு மாமா எழுந்தார்.

"அக்கா, இப்பவாவது ஒத்துக்கறியா? ஒரு தட்டு இல்லே, கூடையோடன்னா முழுங்கியிருக்கே."

மாமியார் புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவரைக் காப்பாற்றியது டிவி அறிவிப்பாளர். நிகழ்ச்சி முடிவில் அந்த அம்மாவின் குரல் நன்றி சொல்லி, வணக்கம் சொல்லி, ஓய்ந்தது. அதன் பிறகுதான் திரையில் அவர் வாயையே திறந்தார். சத்தமில்லாமல் முழுவதையும் இன்னொரு முறை சொல்லிக் கும்பிட்டார். இருநூறு தலைகளும் பின்னால் திரும்பின. வித்யா மட்டும் தரையைப் பார்த்தாள்.

நடந்தது இதுதான். பழைய நாடாவை மாற்றியபோது அங்கங்கே ஒரே படம் இரண்டு முறை விழுந்திருந்தது. மெதுவான சாஃப்ட்வேர் அந்த உபரிப் படங்களைக் கழித்துவிடும். என்னுடைய வேகமான சாஃப்ட்வேர் கண்டுகொள்ளாமல் ஓடியதால் ஒலி ஒரு பக்கம், படம் ஒரு பக்கம் என்று கொஞ்சம் கொஞ்சமாக விலகிவிட்டன. சாப்பாட்டுப் பந்தியில் என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. பாயசம் எனக்கு வந்து சேரவில்லை. (தற்செயலாகவும் இருக்கலாம்.)

மறுநாள் கோப்பை மெதுவான சாஃப்ட்வேரில் போட்டுவிட்டுத் தொடாமல் இருந்தேன். முழுதாகப் பத்தொன்பது மணி நேரம். செவ்வாய்க்கிழமை மத்தியானம் மந்தைவெளிக்கு எடுத்துப்போனேன். வீட்டில் மாமியார் மட்டும்தான். போட்டேன். எல்லாம் சரியாக இருந்தது. கையும் பாட்டும் ஒட்டிக்கொண்டு போயின. சோபாவில் அவர் மடியிலும் தாளம். திரையில் ஒரு கை, மடியில் ஒரு கை, இரண்டும் ஒன்றாக விழுவதை நானே கண்ணால் பார்க்க முடிந்தது.

கடைசிக் கோர்வை வந்தது. மடியிலிருந்த கை விழுந்தது. திரையிலிருந்த கை விழாமல் தாண்டிப் போய்விட்டது.

எனக்குத் தாளம் தெரியாதுதான். ஆனால் இரண்டு கைகள் ஒத்துப்போகவில்லை என்பதைக் கண்டுபிடிக்க ஞானம் தேவையில்லை. மடியிலிருந்த கை அப்படியே நின்றது.

"இன்னொரு தடவை போடுங்கோ."

போட்டேன். மூன்றாவது முறையும் போடச் சொன்னார். பிறகு எழுந்து உள்ளே போய்க் காபி கலந்து எடுத்து வந்தார். நான் பாதி குடித்ததும் கேட்டார்.

"இதை யாருக்காவது காமிச்சேளா?"

"இல்ல அத்தை. வித்யா கூடப் பாக்கல."

"இதுக்கு எவ்வளவு நேரம் ஆச்சு?"

"பத்தொம்பது மணி நேரம்."

"அன்னிக்குப் போட்டது?"

"நாப்பது நிமிஷம்."

"அதுவே இருக்கட்டும்," என்றார். "அது நன்னாத்தான் இருந்தது."

இதெல்லாம் நடந்து மூன்று வருடம் ஆகிறது. அந்த வீட்டில் ரசத்தில் உப்பு கூடினால், முகூர்த்தத்துக்குப் பூ தாமதமாக வந்தால், யாராவது பாட்டில் வரி மறந்தால், 'நாப்பது நிமிஷ சாஃப்ட்வேர்ல பண்ணினதோ?' என்று கேட்கிறார்கள். என் ஐந்து வயதுப் பெண்ணும் கேட்கிறாள். சரியான கோப்பு எங்கள் கடைக் கம்ப்யூட்டரில், 'பழைய வேட்டி ரசீது' என்ற பெயரில் பத்திரமாக இருக்கிறது.

ரகு மாமா விடுவதாக இல்லை. எந்த விசேஷத்தில் என்னைப் பார்த்தாலும், அதைச் சரி பண்ணி ஒரு தடவை போடக் கூடாதா என்று தோளில் கை போடுவார். போன மாதம் ஒரு சீமந்தத்தில் நாலு பேர் எதிரில் மறுபடியும் ஆரம்பித்தார். நான் வாயைத் திறப்பதற்குள், பந்தியின் அந்தக் கோடியிலிருந்து மாமியாரின் குரல் வந்தது.

"விடுடா ரகு. எங்காத்து மாப்பிள்ளைக்கு அதெல்லாம் வராது."