மாமனார் கொடுத்த மேசை

பல்பைப் பத்திரமாக மாட்டியாகிவிட்டது. ஏறி நின்ற மேசைதான் உடைந்துவிட்டது.

மாப்பிள்ளை தரையில் உட்கார்ந்தபடியே முறிந்த மடிப்புப் பலகையை எடுத்துப் பார்த்தார். குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை என்பதால் எதையும் உற்றுப் பார்ப்பது பழக்கம். மாமனாரின் தாத்தா கப்பலில் வரவழைத்த ஓக் மர எழுதுமேசை என்று சொல்லிக் கல்யாணத்தில் கொடுத்தது. முறிந்த இடத்தில் மரமே இல்லை. மரத்தூளை அழுத்திச் செய்த பலகை. மேலே ஓக் போல அச்சடித்த காகிதம்.

"இது போலி" என்றார் மனைவியிடம்.

"எங்கப்பா பொய் சொன்னார்ங்கறீங்க."

"மேசையத்தான் சொன்னேன்."

"அசல நமக்குக் குடுத்துட்டு, ஞாபகத்துக்கு ஒரு நகல் செஞ்சு அவர் வீட்டுல வச்சுக்கிட்டார். எந்த அப்பா செய்வார்? ஞாயித்துக்கிழமை வர்றார். அவர் மூஞ்சிக்கு நேரா நீங்களே சொல்லுங்க."

மாமனார் மூஞ்சிக்கு நேராக மாப்பிள்ளை இதுவரை 'சோறு போதும்' என்றுகூடச் சொன்னதில்லை. உடைத்துவிட்டேன் என்றால் குடும்பச் சொத்து போச்சு. போலி என்றால் குடும்ப மானம் போச்சு.

பழைய மரச்சாமான் கடைக்குப் போனார். கடைக்காரர் எங்கிருந்தோ நிஜமான பழைய ஓக் பலகை ஒன்றைத் தேடி எடுத்துப் பொருத்திக் கொடுத்தார்.

குதிரைக்குப் பக்கத்தில் கழுதையைக் கட்டியதுபோல, மற்ற பலகைகள் எல்லாம் அட்டையாகத் தெரிந்தன. அவற்றையும் மாற்றினார். கனம் தாங்காமல் கால்கள் வளைந்தன. கால்களை மாற்றினார். புதுக் கால்களுக்குப் பழைய சட்டம் ஒத்துவரவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம், மாமனார் கொடுத்ததில் மிச்சமிருந்தது ஒரு பித்தளைக் கைப்பிடி மட்டும். செலவுக்கு ஈடாக மாப்பிள்ளையின் பைக், அந்தக் கடைக்காரரின் வாசலில் நின்றது. பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை எல்லோருக்கும் தெரியும். இவருக்குக் குரங்கு பிடிக்கப் போய்ப் பிள்ளையார் ஆகிவிட்டது.

மனைவி சுற்றிவந்து பார்த்தாள். "இப்பத்தான் எங்கப்பா குடுத்த மாதிரி இருக்கு."

மறுநாள் மாமனார், மாமியாரோடு வந்தார். வழக்கம்போல மேசையைத் தடவினார். தடவிய கை நின்றது. விரல் முட்டியால் தட்டினார். குனிந்து அடியில் பார்த்தார். ஒரு பக்கமாகத் தூக்கிப் பார்த்தார். அது அசையவில்லை.

"கனமா இருக்கே மாப்பிள்ள."

"ஓக்கு இல்லையா மாமா."

"ஆமா ஆமா" என்றார் மாமனார். முகம் வெளிறிவிட்டது. தண்ணீர் குடிக்க வேண்டும் என்று அடுக்களைக்குப் போனார். மாமியார் அங்கேதான் இருந்தார்.

தெரிந்துவிட்டது என்று நினைத்தார் மாப்பிள்ளை. காலில் விழுந்தாவது ஒப்புக்கொண்டுவிடலாம் என்று பின்னாலேயே போனவர், கதவருகே நின்றுவிட்டார்.

"அடியே, கல்யாணத்தன்னைக்கு வண்டில எத ஏத்தின?" மாமனாரின் குரல் கிசுகிசுத்தது.

"நீங்க காட்டினதத்தான். ஏன்?"

"இங்க நிக்கறது அசலு. நான் தட்டிப் பாத்துட்டேன்."

மாமியார் சொட்டிக்கொண்டிருந்த குழாயை மூடிவிட்டு நிதானமாகச் சொன்னார்:

"பதறாதீங்க. பாலிஷ் போடணும்னு சொல்லி இத நாம எடுத்துக்குவோம். நம்ம வீட்டுல பூட்டி வச்சிருக்கோமே, அந்தப் போலிய மாப்பிள்ள தலைல கட்டிடலாம்."