ஏழாம் படுக்கைக்கு ஒரு மெயில்

அனுப்பிய பிறகுதான் நெஞ்சு நோய் வார்டின் தலைமை நர்ஸ் கவனித்தாள். மருந்துக் கிடங்கிலிருக்கும் தோழி காலையில் மருத்துவமனை முழுவதற்கும் அனுப்பிய அறிவிப்புக்குத்தான் அவள் பதில் போட்டிருந்தாள். தோழிக்கு மட்டும் என்று நினைத்து அடித்த பதில், பெரிய டாக்டர் உட்பட எல்லோருக்கும் போய்விட்டது.

'ஏழாம் படுக்கைப் பெரியவரைச் சேர்த்ததிலிருந்து பெற்ற பிள்ளைகூட எட்டிப் பார்க்கவில்லை. பாவம்டி. ஒரு நடை வந்து நாலு வார்த்தை பேசிவிட்டுப் போ.'

மெயிலில் நோயாளியின் பெயரை எழுதக் கூடாதென்பது அங்கே விதி. படுக்கை எண்தான் எழுத வேண்டும். ஏழாம் படுக்கையோ எல்லா வார்டிலும் இருந்தது.

போன மாதம்தான் மெயிலில் சொந்தக் கதை பேசிய ஒருவரைப் பெரிய டாக்டர் வெளியூர்க் கிளைக்கு மாற்றியிருந்தார். அவளுக்கோ பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இருந்தார்கள்.

தொலைபேசி அடித்தது.

"அக்கா, கண் வார்டு. எங்க ஏழு நல்லாத் தூங்குது. எழுப்பிப் பேசட்டுமா?"

"ஐயோ, தூங்கட்டும்மா!"

அடுத்தது பிரசவ வார்டு. "எங்க ஏழுல இருக்கறது பச்சை உடம்புக்காரி. கணக்குப் பிரிவு ஆளுங்க ஆரஞ்சோட வந்து, 'பெரியவர் எங்கே?'ன்னு கேக்கறாங்க!"

'முந்தைய மெயிலை மறந்துவிடவும்' என்று எல்லோருக்கும் அனுப்பினாள். அதுவரை பார்க்காதவர்களும் தேடியெடுத்துப் படித்தார்கள். எக்ஸ்ரே அறையே காலியாகி ஏழாம் படுக்கைகளைத் தேடிக் கிளம்பியது.

தோழி மூச்சிரைக்க ஓடிவந்தாள். "அடிப்பாவி! 'இந்த மெயில் உங்களுக்கில்லை'ன்னு சொல்லாம 'மறந்துடுங்க'ன்னா எவன் மறப்பான்? தள்ளு, நான் சொல்றதை அடி."

'யாருக்காக எழுதினேனோ அவருக்குப் புரியும். மற்றவர்கள் பொருட்படுத்த வேண்டாம்.'

அதுவும் போனது. தொலைபேசி அடங்கியது.

"பாத்தியா, எப்படி அடங்கிடுச்சு!" என்று தோழி சொல்லி வாய் மூடவில்லை, பெரிய டாக்டர் வாசலில் நின்றார். முகத்தில் ஈயாடவில்லை. தோழி மருந்து அலமாரியின் பின்னால் நழுவினாள்.

கடவுளே என்று நர்ஸ் கைகூப்பினாள். "ஐயா, தெரியாம நடந்துபோச்சு. வெளியூருக்கு மட்டும் மாத்திடாதீங்க."

அவர் கதவைச் சாத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"இப்பத்தான் பக்கத்துல உக்காந்து பேசிட்டு வர்றேன். எலும்பு வார்டு ஏழாம் படுக்கையில இருக்கறது எங்கப்பான்னு உங்களுக்கு யாரும்மா சொன்னாங்க?"